படகு ட்ரெய்லரின் ஸ்பிரிங் உடைந்தது: பொறுப்பு யாருடையது?

கேள்வி: திருவான்மியூரில் வசிக்கிறேன். 14 அடி ஃபைபர் படகு ஒன்று வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டில் போட அதை ட்ரெய்லரில் ஏற்றிக் கோவளம் பக்கம் கொண்டுபோவேன். பழைய லீஃப் ஸ்பிரிங்குகள் (அடுக்கிய எஃகுப் பட்டைகள்) துருப்பிடித்ததால், ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் ஒரு கடைக்காரருக்குப் படகின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, படகு 350 கிலோ, எஞ்சின் 40 குதிரைத்திறன் என்றும் எழுதினேன். "இந்த ஸ்பிரிங் தாராளமாகத் தாங்கும்" என்று பதில் வந்தது. 9,000 ரூபாய்க்கு வாங்கி அங்கேயே மாட்டிக்கொண்டேன். பில்லில் 'ஒன்று 250 கிலோ' என்று இருக்கிறது. நான்காவது மாதம் மெயின் பட்டை உடைந்து, படகு சரிந்து, எஞ்சின் நொறுங்கியது. செலவு 70,000 ரூபாய். "நீங்கள் அதிகமாக ஏற்றிவிட்டீர்கள், விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்கிறார் கடைக்காரர். உடைந்ததைக் கொடுத்தால் வேறொன்று தருவதாகவும் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: முதலில், அந்த உடைந்த பட்டையைக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் வழக்கின் முதல் சாட்சி அதுதான். உடைந்த முகத்தில் ஒரு பகுதி பழைய துருவோடும் மீதி பளபளப்பாகவும் இருந்தால், விரிசல் முன்பே தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த முகத்தைத் தேய்க்காமல், எண்ணெய் பூசாமல், படமெடுத்துக் காற்றுப் புகாமல் சுற்றி வையுங்கள். நுகர்வோர் ஆணையம் நினைத்தால் அதை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும்.

அடுத்து, ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுத்தது யார் என்ற கேள்வி. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 16ஆவது பிரிவு: எதற்காக வாங்குகிறேன் என்று சொல்லி, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்த வேலைக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும். கடைக்குப் போய் "இந்த நம்பர் ஸ்பிரிங் ஒரு ஜோடி" என்று நீங்களே கேட்டு வாங்கியிருந்தால் இந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் போயிருக்கும். படம் அனுப்பிக் கேட்டீர்கள், "தாங்கும்" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவாவது கைபேசியை மாற்றாமல் வைத்திருங்கள். வாட்ஸ்அப் பதிவைத் தாக்கல் செய்யும்போது, இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆவது பிரிவுப்படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழும் இணைக்க வேண்டும்.

இப்போது கணக்கு. என்னிடம் வருகிற பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். ஸ்பிரிங் சுமப்பது படகை மட்டும் அல்ல. படகு 350 கிலோ, எஞ்சின் சுமார் 100, ஐம்பது லிட்டர் பெட்ரோல் 37, பேட்டரி, நங்கூரம், ஐஸ் பெட்டி எல்லாம் சேர்ந்து ஒரு 60, ட்ரெய்லர் 220 என்று வைத்துக்கொண்டால் 767 கிலோ. அச்சும் சக்கரங்களும் ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பவை. அவற்றுக்கு 70 கழியுங்கள். காரின் கொக்கியில் இறங்கும் பாரத்துக்கு 50 கழியுங்கள். மிச்சம் ஏறக்குறைய 650. ஜோடியின் தாங்குதிறன், ஒன்றுக்கு 250 வீதம், 500. பள்ளத்தில் சக்கரம் விழும்போது சுமை இன்னும் கூடும். ஐஸ் பெட்டியையும் நங்கூரத்தையும் நீங்கள் சொல்லவில்லை என்று அவர் வாதிடுவார். அவற்றை நீக்கிப் பார்த்தாலும் 590 கிலோ வருகிறது, 500 போதாது.

என் கணக்கு உத்தேசம்தான். ட்ரெய்லரை முழுச் சுமையோடு ஒரு எடை மேடைக்குக் கொண்டுபோய், கொக்கியை விலக்கி எடை போட்டுச் சீட்டு வாங்குங்கள். 100 ரூபாய் செலவில் இதைவிட நல்ல ஆவணம் கிடைக்காது. (புது ஸ்பிரிங் வாங்கவும் அதே சீட்டு உதவும். ஆனால் பயந்து மிகக் கனமானதைப் போட்டுவிடாதீர்கள். ட்ரெய்லர் துள்ளும், குலுக்கலை ஃபைபர் உடல் வாங்கிக்கொள்ளும். கடல்நீரில் இறக்குபவர் துத்தநாக முலாம் பூசியதைக் கேட்க வேண்டும்.)

'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற வரி பில்லில் அழகாக இருக்கும், அவ்வளவுதான். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. புகாரைச் சென்னையிலுள்ள மாவட்ட ஆணையத்தில் கொடுக்கலாம். எந்த ஆணையம் விசாரிக்கும் என்ற வரம்பு நீங்கள் செலுத்திய விலையைப் பொறுத்தது, கேட்கும் இழப்பீட்டைப் பொறுத்தது அல்ல. அந்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. காலவரம்பு உடைந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள். புகார் கொடுப்பதற்கு முன் கடைக்காரருக்கு 15 நாள் அவகாசம் கொடுத்து அறிவிப்பு அனுப்புங்கள். எடைச் சீட்டின் நகலையும் இணையுங்கள்.

எதிர்த்தரப்பு இன்னொன்றைக் கிளறும். அந்தப் படகில் கூலிக்கு ஆள் ஏற்றியதுண்டா? வணிக நோக்கம் என்றால் நீங்கள் நுகர்வோர் அல்ல என்பார்கள். சொந்த உழைப்பில் பிழைப்புக்காகச் செய்வது மட்டும் அதற்கு விலக்கு. ஒரே ஒரு முறை ஏற்றியிருந்தாலும் வழக்கறிஞரிடம் மறைக்காதீர்கள்.

ட்ரெய்லருக்குப் பதிவுச் சான்று இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன்படி ட்ரெய்லரும் மோட்டார் வாகனமே. பதிவில்லாமல் ஓட்டினால் முதல் தடவைக்கே 5,000 ரூபாய் வரை அபராதம். ஸ்பிரிங் வழக்கு அதனால் மட்டும் விழுந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் சான்று இல்லையென்றால், அறிவிப்பை அனுப்புவதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய்விடுங்கள்.