நாண் நிற்கும் இடம்

கேள்வி: பார்வைக்குறி இல்லாத மரவில்லில் பயில்கிறேன். 15 மீட்டரில் என் அம்புகள் ஒன்று மேலும் ஒன்று கீழுமாகத் தைக்கின்றன. விரல் பிடியை மாற்ற வேண்டுமா?
– வாசகர், கோத்தகிரி

பதில்: பிடியை அவசரப்பட்டு மாற்றாதீர்கள். இத்தகைய வில்லில் கண்ணுக்கும் அம்பின் பின்முனைக்கும் உள்ள இடைவெளியே குறியாக அமைவதால், நாணிழுத்த கை கன்னத்தில் சற்றுத் தாழ்ந்தாலும் அம்பு உயரச் சென்று தைக்கும். அம்புக்கு மேலே சுட்டுவிரலும், கீழே நடுவிரலும் மோதிரவிரலுமாகப் பிடிப்பவர் என்றால், சுட்டுவிரல் நுனி ஒவ்வொரு முறையும் கடைவாயைத் தொட்ட பிறகே நாணை விடுங்கள். உங்கள் ஊர்க் காலைக்குளிரில் மரத்துப்போன விரலுக்கு அந்தத் தொடுகை தெரியாது என்பதால், கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வது அவசியம். மூன்று விரல்களையும் அம்புக்குக் கீழே வைக்கும் பிடி, அம்பைக் கண்ணுக்கு அருகில் கொண்டுவருவதால் குறைந்த தூரத்துக்கு ஏற்றதுதான்; ஆனால் கை நிலைப்பட்ட பிறகு அதை முயலுங்கள்.