எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்களின் முடிவு

அன்புள்ள ஐயா,

என் அப்பத்தா ஒன்பது பிள்ளைகள் பெற்றார், ஐந்துதான் தங்கின. அம்மாவுக்கு நாங்கள் மூவர். எனக்கு ஒரே மகள். பெண்கள் படித்து வேலைக்குப் போனதால்தான் தமிழ்நாட்டில் பிறப்பு குறைந்தது, நாட்டுக்காக இன்னொன்று பெற்றுக்கொள்வது கடமை என்று உறவினர்கள் சொல்கிறார்கள். இது சரிதானா?

– மதுரை வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உறவினர்கள் சொல்லும் காரணம் காலவரிசைக்குப் பொருந்தவில்லை. 1970களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுப் பெண் ஒருவருக்குச் சராசரியாக ஏறத்தாழ நான்கு குழந்தைகள் பிறந்தன. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அது இரண்டை ஒட்டி வந்துவிட்டது. 1991இல்கூட நம் பெண்களில் ஏறத்தாழ பாதிப் பேர் எழுத்தறிவு இல்லாதவர்கள். அப்படியானால் பட்டம் பெற்றவர்கள் மட்டும் இந்த மாற்றத்தைச் செய்திருக்க முடியாது. பள்ளிக்கூடத்தையே பார்க்காத தாய்மார்கள், தம் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று உறுதிகொண்டு, இரண்டோ மூன்றோ போதும் என்று நிறுத்தியதால் நிகழ்ந்தது இது. மாடு மேய்க்கவும் களை பறிக்கவும் கைக்குழந்தையைச் சுமக்கவும் உதவிய பிள்ளை, புத்தகமும் சீருடையும் கேட்கும் பிள்ளையானது. தடுப்பூசியும் ஆரம்ப சுகாதார நிலையமும் எட்டிய ஊர்களில், பெற்றவை தங்கும் என்ற நம்பிக்கையும் வந்தது. உங்கள் அப்பத்தாவுக்கு அந்த நம்பிக்கை கிடைத்திருக்கவில்லை.

இதற்கான பேச்சு இங்கே முன்பே தொடங்கிவிட்டது. வறுமைக்காகவோ உடல்நலத்துக்காகவோ மட்டுமன்றி, பெண்ணின் விடுதலைக்காகவே கர்ப்பத்தடை வேண்டும் என்று பெரியார் தம் 'குடி அரசு' இதழ் நாட்களிலேயே வாதிட்டார். காந்தியோ 1935இல் தம்மைச் சந்தித்த அமெரிக்கக் கருத்தடை இயக்கத் தலைவி மார்கரெட் சாங்கரிடம் புலனடக்கமே வழி என்றார்.

ஆனால் அந்த விடுதலையின் விலையைப் பெண்களே கொடுத்தார்கள் என்பது எனக்கு ஆற்றாமை தருகிறது. 1950களில் சென்னை மாநிலம் பணம் தந்து ஊக்குவித்தது ஆண்களின் அறுவை சிகிச்சையை. நெருக்கடிநிலைக் காலத்தில், குறிப்பாக வட மாநிலங்களில், நடந்த கட்டாயக் கருத்தடைக்குப் பிறகு, எல்லா அரசுகளும் பெண்கள் பக்கம் திரும்பின. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டின் மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் பங்கு ஒரு விழுக்காட்டுக்கும் வெகு குறைவு.

ஒன்றோடு நிறுத்துவதா என்பது நீங்களும் உங்கள் கணவரும் முடிவு செய்ய வேண்டியது. மக்கள்தொகைப்படி நாடாளுமன்றத் தொகுதிகளைப் பிரிக்கும் மறுவரையறையில் நம் மாநிலத்தின் இடங்கள் குறையுமோ என்ற அச்சம் நியாயமானது. அதற்கான தீர்வை நாடாளுமன்றத்தில் போராடிப் பெற வேண்டுமே தவிர, உங்கள் மீது கடமையாகச் சுமத்துவதை நான் ஏற்கவில்லை.