அனுமதி வாங்கி ஓட்டல் சமையற்கட்டில் வேலை பார்த்து எழுதினேன். வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது

கேள்வி: நான் பகுதிநேர எழுத்தாளன். ஓட்டல் தொழில் அறியாத ஒருவன் சமையற்கட்டுக்குள் நின்றால் என்ன காண்பான் என்று எழுத விரும்பி, எங்கள் மாவட்டத்தில் உள்ள ஓர் ஓட்டல் முதலாளியிடம் நேரில் கேட்டேன். "தாராளமா எழுதுங்க, கடை பேரை மட்டும் போடாதீங்க" என்றார். 36 நாள் காலை ஐந்து மணி முதல் பிற்பகல் இரண்டு மணி வரை உதவியாளாக வேலை பார்த்தேன். தினமும் சாப்பாடும் பேட்டாவும் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் மேனேஜர் எல்லா ஆட்களிடமும் வாங்கும் ஒரு படிவத்தில் என்னிடமும் கையெழுத்து வாங்கினார். "இங்கு கண்டது, கேட்டது எதையும் வெளியில் சொல்ல மாட்டேன், மீறினால் பத்து லட்சம் ரூபாய் தருவேன்" என்று அதில் இருந்தது. ஆறு பகுதிகளாக ஒரு மாத இதழில் எழுதினேன். கடையின் பெயரை எழுதவில்லை. முதல் இரண்டு பகுதிகளைப் பாராட்டி முதலாளியே வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினார். ஆறாம் பகுதி வந்த பிறகு நோட்டீஸ் வந்திருக்கிறது. கட்டுரைகளை நீக்கி மன்னிப்புக் கேட்க வேண்டும், 25 லட்சம் ரூபாய் தர வேண்டும், என் குறிப்பேட்டையும் கைபேசிப் படங்களையும் ஒப்படைக்க வேண்டும், தவறினால் கிரிமினல் வழக்கு என்கிறார்கள். நான் என்ன செய்ய வேண்டும்? அடுத்து ஒரு மருத்துவமனையிலும் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்திலும் இதேபோல், இம்முறை சொல்லாமலே, சேர்ந்து எழுத நினைக்கிறேன். அது கூடுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: நோட்டீசில் கொடுத்திருக்கும் 15 நாள் கெடு நெருங்கியதால் இதன் சுருக்கத்தை உங்களிடம் தொலைபேசியில் முன்பே சொல்லிவிட்டேன். ஆறு பகுதிகளையும், நீங்கள் அனுப்பிய படிவத்தின் நகலையும், வாட்ஸ்அப் உரையாடலையும் படித்த பிறகு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் உங்கள் தூக்கத்தைக் கெடுத்திருக்கும் பத்து லட்சத்தை எடுத்துக்கொள்வோம். ஓர் ஒப்பந்தத்தில் "மீறினால் இவ்வளவு" என்று தொகை எழுதியிருந்தாலும், இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 74ஆம் பிரிவின்படி நீதிமன்றம் அந்தத் தொகையை உச்சவரம்பாக மட்டுமே கொண்டு, அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவு என்று பார்க்கும்; எழுதிய தொகை அப்படியே கிடைத்துவிடாது. அதைவிட உங்களுக்குப் பலம் தருவது அதே சட்டத்தின் 63ஆம் பிரிவு. ஒரு வாக்குறுதியைப் பெற்றவர், அதை நிறைவேற்ற வேண்டாம் என்று தாமே விட்டுக்கொடுக்கலாம் என்கிறது அந்தப் பிரிவு. படிவத்தில் கையெழுத்திட்டது மூன்றாம் நாள். முதல் பகுதி வெளிவந்தது அதற்கு வெகுநாள் கழித்து. அதைப் படித்துவிட்டு முதலாளி அனுப்பிய செய்தி, "நல்லா வந்திருக்கு சார், அடுத்து சாம்பார் பத்தியும் எழுதுங்க" என்கிறது. "எதையும் வெளியில் சொல்லக் கூடாது" என்று எழுதி வாங்கியவர், சாம்பாரைப் பற்றி எழுதுங்கள் என்று கேட்டிருக்கிறார். முதல் நாள் அவர் வாய்மொழியாகக் கொடுத்த அனுமதியை நீதிமன்றத்தில் நிரூபிப்பது கடினம்; எழுத்தில் உள்ள ஒப்பந்தத்துக்கு முரணாக வாய்மொழிச் சாட்சியத்தைப் பொதுவாக ஏற்க மாட்டார்கள். கையெழுத்துக்குப் பின் வந்த இந்தச் செய்தி அப்படியல்ல. அந்த உரையாடலை அழிக்காதீர்கள், கைபேசியை மாற்றாதீர்கள். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவுக்குரிய சான்றிதழோடுதான் அதைத் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும்.

குறிப்பேட்டையும் படங்களையும் நீங்கள் ஒப்படைக்கத் தேவையில்லை. பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 17ஆம் பிரிவின்படி, பணி ஒப்பந்தத்தின் கீழ் அந்தப் பணியின் போக்கில் உருவாக்கியது மட்டுமே முதலாளிக்குச் சொந்தமாகும். உங்களுக்கு அங்கே தரப்பட்ட பணி வெங்காயம் உரிப்பது, பாத்திரம் தேய்ப்பது, சரக்கு மாஸ்டருக்குக் கைவேலை செய்வது. குறிப்பு எழுதுவது அதில் சேராது. நாள், நேரம் போட்டு அன்றன்றே எழுதியிருக்கிறீர்கள். எண்ணெய் தோய்ந்த அந்தப் பக்கங்களைச் சுத்தமாகப் படியெடுத்துவிட்டு மூலத்தை எறிந்துவிடாதீர்கள். நல்ல கையெழுத்தில் புதிதாக எழுதிய நோட்டைவிடக் கறைபட்ட நோட்டைத்தான் நீதிமன்றம் நம்பும்.

மூன்றாம் பகுதியில் சால்னா மசாலாவின் அளவுகளைக் கிராம் கணக்கில் வெளியிட்டிருக்கிறீர்கள். உங்கள் தரப்பில் மிகவும் பலவீனமான இடம் இது. நம் நாட்டில் வணிக இரகசியத்துக்கென்று தனிச் சட்டம் இல்லை என்றாலும், நம்பிக்கையின் பேரில் தெரிந்துகொண்ட இரகசியத்தை வெளியிடுவதை ஒப்பந்தத்தின் பேரிலும் நியாய நெறியின் பேரிலும் நீதிமன்றங்கள் தடுக்கின்றன. சாம்பாரைப் பற்றி எழுதச் சொன்னது மசாலா அளவை வெளியிடச் சொன்னதாகாது. பொதுநலம் எதுவும் அந்த அளவுகளில் இல்லை. அந்தப் பத்தியை இணையப் பதிப்பிலிருந்து உடனே எடுத்துவிடும்படி ஆசிரியரிடம் கேளுங்கள். எடுத்ததைப் பதில் நோட்டீசில் தெரிவியுங்கள்.

இனி அவதூறு. கடையின் பெயரை எழுதவில்லை என்பது உங்களைக் காப்பாற்றாது. பேருந்து நிலையத்துக்கு எதிரே, பச்சைத் தகரக் கூரை, வாசலில் பிள்ளையார் கோவில் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஊர்க்காரர் எவரும் கடையைக் காட்டிவிடுவார். ஆகவே எழுதியவை அவதூறா என்பதே கேள்வி. 2024 ஜூலை 1-க்குப் பிறகு வெளிவந்தவை என்பதால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு பொருந்தும்; இரண்டாண்டு வரை வெறுங்காவல், அபராதம், இரண்டுமே, அல்லது சமூக சேவை என்பது தண்டனை. காவல்துறை பிடிவாரண்டு இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் அல்ல, ஜாமீனில் விடக்கூடியது. பாதிக்கப்பட்டவர் குற்றவியல் நடுவர் முன் தனிப்புகார் கொடுக்க வேண்டும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 223ஆம் பிரிவின்படி, புகாரைக் கோப்பில் எடுப்பதற்கு முன் உங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்க அவருக்கு வெளியான நாளிலிருந்து ஓராண்டு அவகாசம் உண்டு.

உண்மை என்பது தற்காப்பு. உரிமையியல் வழக்கில் உண்மை என்று நிரூபித்தாலே போதும். குற்ற வழக்கில் உண்மையாக இருப்பதோடு அதை வெளியிட்டது பொதுநன்மைக்காகவும் இருக்க வேண்டும். உங்கள் நான்காம் பகுதியில் மூன்று வாக்கியங்கள் என்னை நிறுத்தின.

முதல் வாக்கியம்: "வடைச்சட்டியில் நான்கு நாளும் ஒரே எண்ணெய் கருத்துக் கிடந்தது." இரண்டாவது: "வாடிக்கையாளருக்கு நஞ்சு ஊட்டுகிறார்கள்." மூன்றாவது: "முந்தின நாள் மீந்த மாவைப் புது மாவில் கலந்து விற்கிறார்கள்."

மூன்றாவதை எங்கள் அலுவலகத்துக்கு வழக்கு விஷயமாக வந்த ஒரு சரக்கு மாஸ்டரிடம் படித்துக் காட்டினேன். சிரித்தார். நன்றாகப் புளிப்பதற்காக முந்தின நாள் மாவில் ஒரு கரண்டி எடுத்துப் புது மாவில் விடுவது மழைக்காலத்தில் வீடுகளிலும் செய்வதுதான் என்றார். உங்கள் குறிப்பேட்டிலும் "ஒரு கரண்டி" என்றுதான் இருக்கிறது. அச்சில் அது "மீந்த மாவு" ஆகிவிட்டது. கண்டது சரி, அதற்கு நீங்கள் கொடுத்த பொருள் தவறு. தொழில் தெரியாதவனின் கண்ணுக்கு வழக்கமான ஒரு கைமுறையும் மோசடி போலத் தெரியக்கூடும். அதைத் தெரியாதவனாகவே எழுதியிருந்தால் எந்த வழக்கும் நிற்காது. தெரிந்தவனைப் போலத் தீர்ப்பு எழுதியதால்தான் நோட்டீஸ் வந்திருக்கிறது. இந்த வாக்கியத்துக்குத் திருத்தம் வெளியிடுங்கள்.

எண்ணெயைப் பொறுத்தவரை சட்டத்தில் ஓர் அளவுகோல் இருக்கிறது. பொரித்த எண்ணெயில் மொத்தப் போலார் சேர்மங்கள் (திரும்பத் திரும்பக் காய்ந்து எண்ணெய் சிதைவதால் உண்டாகும் பொருள்கள்) 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள உணவுப் பாதுகாப்பு விதி. நீங்கள் அளந்து பார்க்கவில்லை. தவிர, நீங்கள் தினமும் இரண்டு மணிக்குக் கிளம்பிவிட்டீர்கள். மாலை ஷிப்டில் எண்ணெயை வடித்துவிட்டுப் புதிது ஊற்றியிருந்தால், மறுநாள் காலை பஜ்ஜி போட்டுக் கருத்த பிறகு நீங்கள் பார்த்தது அந்தப் புது எண்ணெயாகவும் இருக்கலாம். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் முதலில் கேட்கப்போவது இதைத்தான். "நான் இருந்த வேளையில் எண்ணெயை மாற்றியதை நான் பார்க்கவில்லை, கருத்திருந்தது" என்பது உங்களால் நிரூபிக்கக்கூடிய உண்மை. தேதியிட்ட நான்கு படங்கள் அதற்குத் துணை நிற்கும். ஓட்டல் எண்ணெயின் நிலை பொதுமக்களுக்குத் தெரிய வேண்டியது என்பதில் ஐயமில்லை. "நஞ்சு ஊட்டுகிறார்கள்" என்பதற்கு உங்களிடம் ஆய்வக அறிக்கை எதுவும் இல்லை. முதல் வாக்கியத்தை நான் சொன்னபடி திருத்தி நிறுத்திக்கொள்ளுங்கள், இரண்டாவதைத் திரும்பப் பெறுங்கள்.

இந்த வகை எழுத்தில் 1963-இல் அமெரிக்க எழுத்தாளர் ஜார்ஜ் பிளிம்ப்டன் செய்தது இங்கே நினைவுக்கு வருகிறது. தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து ஆடத் தெரியாத அவர், டெட்ராய்ட் லயன்ஸ் அணி நிர்வாகத்தின் சம்மதத்தோடு அதன் பயிற்சி முகாமில் சேர்ந்து, சுழியம் எண் போட்ட சட்டையோடு களமிறங்கி, முன்னேறுவதற்குப் பதிலாகப் பின்வாங்கித் தோற்றுத் திரும்பினார். தம்மால் முடியாமல் போனதைத்தான் அவர் எழுதினார். உங்கள் முதல் பகுதியில் பரோட்டா மாவை வீசத் தெரியாமல் அது உங்கள் தோளில் விழுந்த இடமும் அந்த ரகம்தான். அதற்காக யாரும் நோட்டீஸ் அனுப்ப முடியாது.

ஐந்தாம் பகுதியைப் பற்றி நோட்டீசில் ஒரு வரிதான் இருக்கிறது. எனக்கோ அதுதான் கவலை. பரோட்டா மாஸ்டர் முன்பணமாக 80,000 ரூபாய் வாங்கியதையும், அவருக்கு உள்ள நோயையும், இடது கையில் ஒரு விரல் இல்லாததையும் எழுதியிருக்கிறீர்கள். பெயர் இல்லாவிட்டாலும் ஆள் தெரிகிறது. இதற்காக முதலாளி வழக்குப் போட முடியாது, அந்த உரிமை மாஸ்டருக்கு மட்டுமே உண்டு. "ஆட்டோ சங்கர்" வழக்கு என்று நாம் அறிந்த, நக்கீரன் ஆசிரியர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1994-இல் இரண்டு விஷயங்களைச் சொன்னது. வெளியிடப்போவதை அதிகாரிகள் முன்கூட்டித் தடுக்க முடியாது என்று எழுத்தாளருக்குப் பலம் தந்தது. பொது ஆவணத்தில் இல்லாத ஒருவரின் அந்தரங்க வாழ்வைச் சம்மதமின்றி வெளியிட்டால் பொறுப்பேற்க வேண்டும் என்றும் சொன்னது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்பதை 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு உறுதி செய்துவிட்டது. முதலாளி உங்களுக்கு அனுமதி தந்தார். தம் ஆளின் நோயைச் சொல்ல அனுமதி தரும் உரிமை அவருக்கே கிடையாது. மாஸ்டர் அதை உங்களிடம் சொன்னது, பக்கத்தில் நின்று மாவு பிசைந்த சக ஆளிடம் சொன்னது.

கட்டுரைகளுக்கு இடைக்காலத் தடை வாங்குவார்களோ என்று தொலைபேசியில் கேட்டிருந்தீர்கள். பத்திரிகை எழுத்துக்கு விசாரணைக்கு முன்பே எளிதாகத் தடை கொடுத்துவிடக் கூடாது என்று 2024 மார்ச்சில் புளூம்பர்க் செய்தி நிறுவனத்துக்கும் ஜீ நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் கீழமை நீதிமன்றங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. ஆனாலும் உங்களைக் கேட்காமல் ஒருதலைப்பட்ச உத்தரவு வந்துவிடாமல் இருக்க, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 148-ஏ பிரிவின் கீழ் உங்கள் ஊர் நீதிமன்றத்திலும் அந்த ஊர் நீதிமன்றத்திலும் கேவியட் மனுப் போட்டு வையுங்கள். அது 90 நாள் செல்லும்; அதற்குள் வழக்கு வராவிட்டால் புதுப்பிக்க வேண்டும். இதழின் ஆசிரியரும் தனியே போடுவது நல்லது.

அடுத்த திட்டத்துக்கு வருகிறேன். சொல்லாமல் சேரலாமா என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கு வழிகாட்டும். 1992-இல் ஏபிசி தொலைக்காட்சியின் செய்தியாளர் இருவர் பொய்யான விவரங்கள் கொடுத்து ஃபுட் லயன் பல்பொருள் அங்காடியில் வேலைக்குச் சேர்ந்து, இறைச்சி கையாளப்படும் விதத்தை மறைகேமராவில் எடுத்து ஒளிபரப்பினார்கள். நிறுவனம் அவதூறு வழக்குப் போடவில்லை. உள்ளே நுழைந்த விதத்தைப் பற்றி வழக்குப் போட்டது. ஜூரி தண்டனை இழப்பீடாக 55 லட்சம் டாலருக்கு மேல் விதித்தது, விசாரணை நீதிபதி அதை 3,15,000 டாலராகக் குறைத்தார், 1999-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டே டாலரை மட்டும் நிறுத்தி வைத்தது. பொய் விண்ணப்பத்துக்காக அந்த இரண்டு டாலரும் நிற்கவில்லை. கூலி வாங்கிய இடத்துக்கு எதிராகவே வேலை செய்ததற்காக நின்றது. நம் நீதிமன்றங்களை இந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது. ஆனால் நீங்களும் பேட்டா வாங்கியிருக்கிறீர்கள் என்பதை எதிர்த்தரப்பு மறக்காது. அடுத்த முறை வாங்காதீர்கள்.

மருத்துவமனையில் வார்டு உதவியாளாகச் சொல்லாமல் சேர்வதை நான் ஆதரிக்க மாட்டேன். ஓட்டலில் முதலாளியிடம் கேட்டால் பாதிச் சம்மதமாவது கிடைத்தது. அங்கே படுத்திருக்கும் நோயாளி ஒவ்வொருவரின் சம்மதமும் வேண்டும், சொல்லாமல் போனால் ஒருவருடையதும் இருக்காது. வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு மருத்துவராக நிற்பது நேரடியாகவே குற்றம். வழக்கறிஞர் அங்கி அணிந்து வாதாடினால் வழக்கறிஞர்கள் சட்டம் 1961-இன் 45ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. குமாஸ்தாவாகச் சேரலாம், ஆனால் கட்சிக்காரர் வழக்கறிஞரிடம் சொன்னவற்றைக் காக்கும் கடமை அவருடைய குமாஸ்தாவையும் கட்டும் என்பதால், எழுதத்தக்கது என்று உங்களுக்குத் தோன்றும் எல்லாமே எழுதக் கூடாததாக இருக்கும். எங்கள் அலுவலகத்துக்கு வருவதாக இருந்தால் முதல் நாளே சொல்லிவிட்டு வாருங்கள். காபி தருவோம், வழக்குக் கட்டுகளைத் தர மாட்டோம்.

பதில் நோட்டீசை உங்கள் ஊர் வழக்கறிஞர் மூலமே அனுப்புங்கள். மசாலாப் பத்தியை நீக்கியது, மாவு, எண்ணெய் பற்றிய திருத்தங்கள் அடுத்த இதழில் வருவது, படிவ நிபந்தனையை முதலாளியே விட்டுக்கொடுத்தது, மற்றபடி கட்டுரைகள் கண்ணால் கண்டதன் பதிவு என்பது ஆகிய நான்கும் அதில் இருந்தால் போதும். "தங்கள் மனம் புண்பட்டிருந்தால்" என்று பொத்தாம்பொதுவாக மன்னிப்பு எழுதாதீர்கள். எதற்கு என்று தெரியாத மன்னிப்பை எல்லாவற்றுக்கும் ஒப்புதலாக வாசிப்பார்கள்.

அதை அனுப்புவதற்கு முன் பரோட்டா மாஸ்டரைப் பாருங்கள். வழக்கைப் பற்றிப் பேச வேண்டாம், அவர் நாளை சாட்சியாகக் கூடும். ஐந்தாம் பகுதியில் எதை எடுக்க வேண்டும் என்று மட்டும் கேட்டு, அவர் சொன்னதை எடுத்துவிடுங்கள். மதிய வியாபாரம் முடிந்து அவர் எங்கே உட்கார்ந்து டீ குடிப்பார் என்பது உங்கள் இரண்டாம் பகுதியிலேயே இருக்கிறது.