பிரெட் மெஷினும் குளூட்டன் இல்லாத மாவும்: காட்பாடி அக்காவிடம் கேள்வி பதில்

குடியாத்தம்: அக்கா, ரொட்டி நன்றாக உப்பி வருகிறது. மெஷின் நின்றதும் பார்த்தால் நடுவில் குழி. ஏன்?

முதல் சந்தேகம் வெயில் மேல்தான். நம் பக்கம் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும். மெஷினுக்குள் இன்னும் சூடு. ஈஸ்ட் அவசரமாகப் பொங்கி, ரொட்டி வேகும் முன்பே காற்றை விட்டுவிடுகிறது. கோதுமை மாவில் உள்ள குளூட்டன் என்ற புரதம் அந்தக் காற்றைப் பிடித்து வைக்கும். இங்கே அந்த வேலையை இசப்கோல் உமியும் முட்டையும் செய்கின்றன, அவற்றுக்கு அத்தனை பலம் கிடையாது. ஃப்ரிட்ஜ் தண்ணீர் ஊற்றி, ஈஸ்ட்டைக் கால் பங்கு குறையுங்கள். அப்படியும் குழி விழுந்தால் தண்ணீர் அதிகம்.

என் அளவு: பச்சரிசி மாவு 200 கிராம், ஜவ்வரிசி மாவு 120, கேழ்வரகு மாவு 80, இசப்கோல் உமி 20, சர்க்கரை 15, உப்பு 7, ஈஸ்ட் 6, முட்டை 2, எண்ணெய் 30 மில்லி, தண்ணீர் 360 மில்லி. இசப்கோல் மருந்துக் கடையில் கிடைக்கும். ஆரஞ்சு வாசனை போட்டதை வாங்காதீர்கள். எல்லாவற்றையும் தராசில் நிறுத்துப் போடுங்கள், டம்ளர் கணக்கு வேண்டாம்.

வெந்ததும் பாத்திரத்திலிருந்து உடனே எடுத்து, முழுக்க ஆறிய பிறகு வெட்டுங்கள். சூட்டோடு வெட்டினால் உள்ளே களிதான்.

ஆற்காடு: என் மெஷினில் குளூட்டன் ஃப்ரீ பட்டன் இல்லை.

சாதாரண பிரெட் பட்டனை அழுத்தாதீர்கள். அது ஒரு முறை பொங்கிய மாவைத் திரும்பப் பிசைந்து அமுக்கும். கோதுமை மாவு மறுபடி எழும், நம் மாவு எழாது. பிசைய மட்டும் ஓட்டி நிறுத்தி, பிளேடை எடுத்துவிட்டு, ஈரக் கையால் மேலே தடவிவிடுங்கள். ஒரே முறை பொங்கவிட்டு, பிறகு பேக் பட்டன். பிசையும்போது மூலையில் நிற்கும் மாவை ரப்பர் கரண்டியால் வழித்துவிடுவதையும் மறக்காதீர்கள்.

ஆம்பூர்: சப்பாத்தி மாவு மாதிரி உருண்டு வரவில்லையே?

வராது. பஜ்ஜி மாவைவிடக் கெட்டி, வடை மாவைவிடத் தளர்வு, அதுதான் பதம்.

வாணியம்பாடி: உருண்டை வரும்வரை அரிசி மாவு சேர்க்கலாமா?

ஆம்பூருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ராணிப்பேட்டை: கேழ்வரகை மில்லில் கொடுத்து அரைக்கலாம்தானே?

சீலியாக் நோய், அதாவது குளூட்டன் சாப்பிட்டால் குடல் சேதமாகும் நோய், உள்ளவருக்கு என்றால் கூடாது. உங்களுக்கு முன்னால் யாரோ கோதுமை அரைத்திருப்பார்.

ராணிப்பேட்டை: முதலில் ஒரு பிடி அரிசியை ஓட்டிவிட்டால் சுத்தமாகிவிடும். எங்கள் அம்மா காலத்திலிருந்து அப்படித்தான்.

மிளகாய் நெடி போக அது போதும். இதற்குப் போதாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். குளூட்டன் இல்லாதது என்று பாக்கெட்டில் போட, நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிப்படி ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது. கோதுமை மாவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குளூட்டன். கால் கிராம் மாவு கலந்தாலே எல்லை தாண்டிவிடும். கல் இடுக்கிலும் துணிப்பையிலும் எவ்வளவு ஒட்டியிருக்கும்?

ஆற்காடு: அக்கா, நாங்களும் மில்லில்தான் அரைக்கிறோம், ஒன்றும் ஆகவில்லை.

வயிறு வலிக்கவில்லை என்பதால் குடல் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. வெளியே தெரியாமலும் சேதம் நடக்கும். பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, வீட்டு மிக்ஸியில் அரைத்துச் சலியுங்கள். சல்லடையும் தனி. கோதுமை ரொட்டி செய்த மெஷின் பாத்திரத்தையும் பொதுவாக வைக்காதீர்கள், பிளேடு அடியில் மாவு ஒளிந்திருக்கும்.

சத்துவாச்சாரி: ரவை கொஞ்சம் சேர்த்தால் மொறுமொறுப்பு வருமா?

ரவை கோதுமை. மைதா கோதுமை. கடைச் சேமியாவும் பெரும்பாலும் கோதுமை. அப்புறம், கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலப்பதுண்டு, பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள்.

வேலூர்: பையனுக்குச் சீலியாக் சந்தேகம். பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிடவா?

வேண்டாம். நிறுத்திவிட்டால் ரத்தப் பரிசோதனையும் குடல் பரிசோதனையும் தவறாக நார்மல் என்று காட்டலாம். முதலில் டாக்டரைப் பாருங்கள், ரொட்டி பிறகு.

ஆரணி: இவ்வளவு பாடு எதற்கு? கேழ்வரகுக் களி கிண்டலாமே.

தாராளமாக. ஆனால் பள்ளிக்கூட டிபன் பாக்ஸில் களியைக் கொடுத்தனுப்பிப் பாருங்கள், பிள்ளை என்ன சொல்கிறது என்று.

ராணிப்பேட்டை: சரி அக்கா, கோதுமையே அரைக்காத மில் ஒன்று இருந்தால்?

இருந்தால் விலாசத்தை எனக்கும் கொடுங்கள்.