குரொம்வெல்லும் எங்கள் கந்தோரும்

கேள்வி: எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தோமஸ் குரொம்வெல் இங்கிலாந்தின் அரச நிர்வாகத்தையே புரட்டிப் போட்டார் என்று ஒரு நூலில் வாசித்தேன். இன்னொன்று அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்கிறது. எது சரி? ஒலிவர் குரொம்வெல் அவருக்கு உறவா?
– வாசகி, மல்லாவி

பதில்: முப்பது வருசம் கந்தோரில் கோப்புக் கட்டியவனிடம் கேட்டிருக்கிறீர், பிள்ளை. அந்தக் கண்ணால்தான் எனக்குப் பார்க்கத் தெரியும்.

புரட்சி என்று சொன்னவர் வரலாற்றாசிரியர் ஜெஃப்ரி எல்டன், 1953இல். குரொம்வெல்லுக்கு முன் நிர்வாகம் அரசரின் வீட்டோடு ஒட்டிக் கிடந்தது என்கிறார். எட்டாம் ஹென்றியின் தகப்பன் ஏழாம் ஹென்றி கணக்குப் புத்தகங்களைத் தானே பார்த்து ஒப்பம் வைத்தவர். 1530களில் குரொம்வெல் நிர்வாகத்தை வீட்டிலிருந்து பிரித்து, அரசர் கவனிக்காவிட்டாலும் ஓடும் திணைக்களங்கள் ஆக்கினார் என்பது எல்டனின் வாதம். அரசர் மூடிய துறவி மடங்களின் காணிகளைப் பார்க்க 1536இல் தனி அமைப்பே திறந்தார்கள். அதற்கென்று அதிகாரிகள், அதற்கென்று முத்திரை.

1963இல் பென்ரி வில்லியம்ஸ், ஜெரால்ட் ஹாரிஸ் என்ற வேறு இரண்டு வரலாற்றாசிரியர்கள் இதை மறுத்தார்கள். பிறகு எல்டனிடம் படித்த டேவிட் ஸ்டார்க்கியே எதிர்த்து எழுதினார்: அரசரின் அந்தரங்க அறையில் நின்றவர்களின் செல்வாக்குக் குறையவில்லை, அரச ஆலோசனைச் சபைக்கென்று ஒரு எழுதுவினைஞரும் குறிப்பேடும் வந்தது 1540 ஓகஸ்ட்டில், குரொம்வெல்லின் தலை போன பிறகு. மடத்துக் காணி அமைப்பையும் 1554இல் பழைய திறைசேரிக்குள் சேர்த்துவிட்டார்கள்.

எங்கள் உதவி அரசாங்க அதிபர் பணிமனை 1992இல் பிரதேச செயலகம் ஆனது. சட்டப்படி பெரிய மாற்றம்தான். ஆனால் பொருளாதாரத் தடைக் காலம், கடதாசிக்குத் தட்டுப்பாடு. பழைய கடிதத் தாளில் மேல்வரியைப் பேனையால் வெட்டிவிட்டுப் புதுப் பெயரை எழுதிப் பாவித்தோம். அதே மேசை, அதே பிரதம லிகிதர், அவருடைய அதே இருமல். ஆக, புரட்சி என்று யாராவது சொன்னால் நான் முதலில் கடிதத் தாளைத்தான் பார்ப்பேன்.

இன்னொரு சங்கதி. 1540 ஜூனில் குரொம்வெல்லைப் பிடித்தபோது அவருடைய கடதாசிகளை அரசரின் ஆட்கள் அள்ளிப் போனார்கள். அதனாலேயே அவை தப்பின. அவருக்கு வந்த கடிதங்கள் ஆயிரக்கணக்கில் இன்றும் இருக்கின்றன. அந்தக் கட்டுகளுக்குள் இருந்து பார்த்தால் எல்லாம் குரொம்வெல் செய்ததாகத்தானே தெரியும்? 2009இல் நாங்கள் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிப் போனவற்றில் கடைசியில் மிஞ்சியது மாட்டுக் குறி இடாப்பு ஒன்று, தரப்பாள் துண்டில் சுற்றியபடி. அதை மட்டும் வைத்து எங்கள் கந்தோரின் சரித்திரத்தை எழுதினால், மாட்டைத் தவிர வேறொன்றையும் நாங்கள் பார்க்கவில்லை என்றுதான் வரும்.

சரி, என் எண்ணம் என்ன? எல்டன் சொன்ன அளவுக்கு இல்லை. அரச செயலாளர், நகைக் காப்பாளர், திருச்சபை விடயங்களில் அரசரின் பிரதிநிதி என்று ஒரே ஆள் பல கதிரையில் இருந்து எல்லாவற்றையும் தன் கையால் ஓட்டியதைத் தானாக ஓடும் இயந்திரம் என்று எப்படிச் சொல்வது? ரோமில் பாப்பரசரிடம் மேன்முறையீடு போவதை 1533இல் தடுத்ததுபோல, பெரிய காரியங்களைப் பாராளுமன்றச் சட்டமாகவே செய்த பழக்கம் மட்டும் நிலைத்தது. அதில் எல்டன் பக்கம்தான் நான்.

ஆனால் எனக்குப் பிடித்த குரொம்வெல் 1538இல் ஒரு கட்டளை போட்டவர். ஒவ்வொரு ஆலயப் பங்கிலும் ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் மூன்றையும் ஞாயிறுதோறும் புத்தகத்தில் பதிய வேண்டும். புத்தகம் இருக்கும் பெட்டிக்கு இரண்டு பூட்டு. ஒரு திறப்பு பாதிரியாரிடம், மற்றது ஆலய நிர்வாகிகளிடம். ஒருவர் தனியே திறக்கேலாது! புது வரிக்குத்தான் பெயர் எழுதுகிறார்கள் என்று சனம் பயந்ததாம். விதானையார் கொப்பியோடு படலையில் நின்றால் எங்கள் சனம் மட்டும் என்ன? அந்தப் பங்குப் புத்தகங்களில் பல இன்றும் இருக்கின்றன. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்துக்கு எத்தனை தரம் அலைந்தோம் என்று வீட்டில் அம்மாவைக் கேட்டுப் பாரும்.

அடுத்த நூற்றாண்டில் அரசர் இல்லாத இங்கிலாந்தை ஆண்ட ஒலிவர் உறவுதான், நேர்வழி இல்லை. தோமஸின் சகோதரி கத்தரீனின் மகன் ரிச்சர்ட் வில்லியம்ஸ், மாமனின் பெயரைத் தன் பெயராக்கிக்கொண்டார். அவருடைய பூட்டப்பிள்ளை ஒலிவர்.