ஒப்பந்த ஐயங்கள்: 28 நாள் கெடு தவறினால்?

கேள்வி: வெளிநாட்டில் பாலம் கட்டுகிறோம். ஒப்பந்தம் ஃபிடிக் (ஆலோசனைப் பொறியாளர்களின் சர்வதேசக் கூட்டமைப்பு) வெளியிட்ட மாதிரிக் கட்டுமான ஒப்பந்தமான சிவப்புப் புத்தகம், 2017 பதிப்பு. ஒரு கரையில் இடத்தை உரிய தேதியில் உரிமையாளர் (வேலையை எங்களுக்குக் கொடுத்தவர்) தரவில்லை, இன்னும் தரவில்லை. கூட்டங்களில் சொன்னோம், மாத அறிக்கையிலும் எழுதினோம். அந்தத் தேதியிலிருந்து 50-ஆம் நாள் முறைப்படி நோட்டீஸ் அனுப்பினோம். 71-ஆம் நாளான இன்றுதான் 'கெடு தாண்டிவிட்டது, கால நீட்டிப்பு கிடையாது' என்று இன்ஜினியர் (ஒப்பந்தத்தை நிர்வகிக்க உரிமையாளர் நியமித்தவர்) எழுதுகிறார். இனி வழியே இல்லையா?

பதில்: இருக்கிறது, ஆனால் நாள் குறைவு. இடம் தாமதமானால் கால நீட்டிப்பு, செலவு, அதன் மேல் லாபம் மூன்றையும் 2.1 பிரிவு தருகிறது. அதைக் கேட்கும் முறை 20.2 பிரிவில் இருக்கிறது: சம்பவம் தெரிந்த, அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 28 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். ஞாயிறும் விடுமுறையும் கணக்கில் சேரும். மாத அறிக்கையில் எழுதியது எதுவும் நோட்டீஸ் ஆகாது என்று 4.20 நேராகவே சொல்கிறது. பலர் சறுக்கும் இடம் இதுதான்.

ஆனால் இன்ஜினியருக்கும் ஒரு கெடு உண்டு. நோட்டீஸ் தாமதம் என்று கருதினால், அது கைக்கு வந்த 14 நாளுக்குள் காரணத்தோடு அவர் எழுத வேண்டும். உங்களுக்கு 21 நாள் கழித்து எழுதியிருக்கிறார். ஆகவே 20.2.2-இன்படி உங்கள் நோட்டீஸ் செல்லும் என்றே கொள்ளப்படும். உரிமையாளர் காரணம் காட்டி இதை மறுக்கலாம். மறுத்தால் இன்ஜினியர் தீர்மானிக்கும்போது அதையும் பார்ப்பார்.

அதற்கும் இப்போதே தயாராகுங்கள். தாமதத்தை ஏற்கலாமா என்று பார்க்கையில், மறுதரப்புக்கு அதனால் பாதிப்பு உண்டா, விஷயம் அவர்களுக்கு முன்பே தெரியுமா என்று பார்க்கச் சொல்கிறது 20.2.5. உங்கள் கூட்டக் குறிப்புகளும் மாத அறிக்கைகளும் இங்கே சாட்சியாக உதவும். அவற்றை விரிவான க்ளெய்முடன், அதாவது ஆதாரங்களோடு தரும் முழுக் கோரிக்கையுடன், இணையுங்கள்.

அந்த விரிவான க்ளெய்முக்கு 84 நாள். நோட்டீஸ் தேதியிலிருந்து எண்ணாதீர்கள். அதுவும் சம்பவம் தெரிந்த நாளிலிருந்தே. அதாவது இன்னும் 13 நாள். எந்தப் பிரிவின்கீழ் கேட்கிறீர்கள் என்ற விளக்கம் அதற்குள் போகாவிட்டால் நோட்டீஸே காலாவதி ஆகலாம். சும்மா நின்ற இயந்திரங்கள், ஆட்கள் பற்றிய அன்றாடப் பதிவு, திருத்திய வேலை அட்டவணை இரண்டும் கட்டாயம் வேண்டும். இடம் இன்னும் வராததால் இது இடைக்கால க்ளெய்ம்தான்: மாதந்தோறும் புதுப்பித்து, பாதிப்பு முடிந்த 28 நாளுக்குள் இறுதியானதைக் கொடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் சிறப்பு நிபந்தனைகளை, அதாவது உங்கள் திட்டத்துக்காகப் பொது நிபந்தனைகளை மாற்றும் பகுதியை, திறந்து பாருங்கள். 28 நாளை 14 ஆக்குவதும், 20.2.5-ஐ அப்படியே நீக்குவதும் அங்கேதான் நடக்கும்.

கேள்வி: நஷ்டத் தொகை தெரியாமல் நோட்டீஸ் எப்படிக் கொடுப்பது?

பதில்: தொகை தேவையில்லை. என்ன நடந்தது, எப்போது தெரிந்தது, காலமோ செலவோ கேட்கப் போகிறோம் என்ற நான்கு வரி போதும். தலைப்பில் 'நோட்டீஸ்' என்ற சொல் இருக்கட்டும்; 1.3 பிரிவு அதைக் கேட்கிறது.