நேதாஜி பிறந்தநாளான ஜனவரி 23-ஐ நாடு முழுவதும் பொது விடுமுறையாக்க வேண்டுமா?

வேண்டாம் என்பேன். அந்த விடுமுறை கிடைக்கப்போவது ஏற்கெனவே விடுமுறை நிறைய உள்ளவர்களுக்குத்தான்.

அரசிதழில் வரும் பொது விடுமுறை, 1881-ம் ஆண்டு செலாவணி முறிச் சட்டம் 25-ஆம் பிரிவின்கீழ் அறிவிக்கப்படுவது. மாற்றுச் சீட்டு, கடனுறுதிச் சீட்டு ஆகிய பணப் பத்திரங்களின் கெடு விடுமுறையில் விழுந்தால் முந்தைய வேலை நாளே கெடு என்று சொல்லும் பிரிவு அது. அறிவித்தால் வங்கி மூடும். தனியார் ஆலை மூட வேண்டியதில்லை. ஆலைக்குத் தனிச் சட்டம். தமிழ்நாட்டில் 1958-ம் ஆண்டுச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, கூடவே 5 பண்டிகை நாள்கள். அன்று வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், அல்லது சம்பளத்தோடு மாற்று விடுப்பு. ஜனவரி 23 இதில் சேர வேண்டுமானால் மாநிலம் மாநிலமாகச் சட்டத்தைத் திருத்த வேண்டும். தினக்கூலிக்காரருக்கோ விடுமுறை என்றால் அன்றைய கூலி போச்சு, அவ்வளவுதான்.

மத்திய அரசு அலுவலகங்களுக்குக் கட்டாய விடுமுறை 14. உள்ளூர்த் தேர்வாக இன்னும் 3. அந்த 14-இல் காந்தியைத் தவிர அரசியல் தலைவர் எவரும் இல்லை. அம்பேத்கர் பிறந்தநாளுக்கே தனி ஆணைதான் போடுகிறார்கள். நேதாஜியைச் சேர்த்தால் பகத்சிங்கை எப்படி விடுவது? தலைவர்களின் பிறந்தநாள், நினைவுநாள் என்று அடுக்கிக்கொண்டே போன உத்தரப்பிரதேசம் 2017-இல் அப்படிப்பட்ட 15 விடுமுறைகளை ஒரே மூச்சில் ரத்து செய்தது.

இதே கோரிக்கையோடு போன பொதுநல மனுவை 2022-இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அவரைப்போல உழைப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை என்றது. மத்திய அரசும் 2021-இல் 'பராக்கிரம தினம்' என்று பெயர் வைத்ததோடு சரி, விடுமுறை விடவில்லை. நல்ல முடிவுதான். பொங்கல் முடிந்து பள்ளி திறந்த கையோடு ஜனவரி 23, அடுத்து 26. மூடிய பள்ளியில் இந்திய தேசிய ராணுவத்தைப் பற்றி யார் பாடம் நடத்துவது? மலேயாவிலிருந்து அதில் சேர்ந்த தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தமிழர்கள் என்பதே இங்கே பல பிள்ளைகளுக்குத் தெரியாது.

விடுமுறை வேண்டியே தீரும் என்பவர்கள் டெல்லிக்கு மனு போடுவதை விட்டு மாநில அரசைக் கேட்கலாம். பொது விடுமுறை அறிவிக்கும் அதிகாரம் 1957-லேயே மாநிலங்களுக்கும் தரப்பட்டுவிட்டது. மேற்கு வங்கத்தில் ஜனவரி 23 மாநில விடுமுறைதான். அடுத்த ஆண்டுப் பட்டியல் முந்தைய ஆண்டு இறுதிக்குள் வந்துவிடும், அதற்கு முன்பே மனு போக வேண்டும். மத்திய அரசு ஊழியர்களுக்கு ஆர்.ஹெச். எனப்படும் விருப்ப விடுமுறைப் பட்டியலில் சேர்த்தாலே போதும். அதில் ஆண்டுக்கு 2 நாள் அவரவர் விருப்பம், அலுவலகமும் திறந்திருக்கும்.